பெட்டியில் இருந்தவை

யுங் சாங் எழுதிய 'வைல்ட் ஸ்வான்ஸ்' நூலை நாம் முதன்முறை வாசித்தது, முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில். காஞ்சிபுரத்தில் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் அட்டை கிழிந்த பிரதியாகக் கிடைத்தது. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத காலம் அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏனாத்தூர் வீட்டுத் திண்ணையில் ஒரு கோடை முழுவதும் வாசித்தோம். பாட்டி, தாய், மகள் என மூன்று சீனப் பெண்களின் கதை. வாசித்து முடித்தபோது சீனத்தின் இருபதாம் நூற்றாண்டையே அறிந்துவிட்டதாக ஒரு மிதப்பு இருந்தது. நம் பாட்டியைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்ற கேள்வி மட்டும் அப்போது எழவேயில்லை. அது எழ மேலும் இருபது ஆண்டுகளும் வேறொரு நூலும் தேவைப்பட்டன.

(நாம், நமது என்று எழுதுவதை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வகுப்பறைப் பழக்கம். 'நான்' என்று தொடங்கினால் அடுத்த சொல் வருவதில்லை. அதைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.)

'வைல்ட் ஸ்வான்ஸ்' 1991-ல் வெளிவந்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல். சீனப் பெருநிலத்தில் மட்டும் தடை. யுங் சாங்கின் பாட்டி 1909-ல் பிறந்தவர். இரண்டு வயதில் பாதங்களை ஒடித்துக் கட்டுகிறார்கள். பதினைந்தாம் வயதில், 1924-ல், அவருடைய தந்தையே அவரை ஒரு படைத்தலைவனுக்கு ஆசைநாயகியாகக் கொடுக்கிறார். அந்தத் தளபதி ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனவன் ஆறு ஆண்டுகள் திரும்பவில்லை. 1931-ல் ஒரு மகள் பிறக்கிறாள். தளபதி சாகக் கிடக்கையில், குழந்தையைப் பெரிய மனைவி எடுத்துக்கொள்வாள் என்று அஞ்சிய பாட்டி, அதைத் தூக்கிக்கொண்டு தப்பி ஓடுகிறார். அக்குழந்தைதான் யுங் சாங்கின் தாய். பின்னாளில் பொதுவுடைமைக் கட்சிக்காக மறைவுப் பணி செய்து, அதே கட்சியால் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் வதைபட்டவர். மகள் 1952-ல் பிறந்து, பதினான்கு வயதில் செங்காவலர் படையில் சேர்ந்து, பின் அதிலிருந்து மனம் விலகி, 1978-ல் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர். தாயின் பெயரிலும் மகளுக்கு முதலில் இட்ட பெயரிலும் இருந்த 'ஹோங்' என்ற சொல்லுக்குக் காட்டு அன்னம் என்று பொருள். நூலின் தலைப்பு அதிலிருந்து வந்தது.

இவையெல்லாம் நூலை வாசித்தோர் அறிந்தவைதாம். நாம் சொல்ல வந்தது வேறு. 1988-ல் தாய் லண்டனுக்கு வந்து மகளுடன் தங்கியிருக்கிறார். அங்கேதான், ஊரும் கட்சியும் அண்டை அயலும் இல்லாத இடத்தில்தான், பேசத் தொடங்குகிறார். அவர் ஊர் திரும்பியபோது அறுபது மணி நேர ஒலிப்பதிவு மகளிடம் இருந்தது. நூலின் விதை அந்த நாடாக்களே. முதல் வாசிப்பில் இச்செய்தியைக் கவனிக்காமல் கடந்துவிட்டோம். இப்போது நூலிலேயே நமக்கு முக்கியமானதாகப் படுவது இதுதான். ஒரு தாய் அறுபது மணி நேரம் பேசினாள். ஒரு மகள் அறுபது மணி நேரம் கேட்டாள்.

மைதிலி சிவராமனின் 'ஃப்ராக்மெண்ட்ஸ் ஆஃப் எ லைஃப்' நமக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஒரு வாழ்வின் துண்டுகள் என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2006-ல் சுபான் பதிப்பகம் வெளியிட்டது. மைதிலி சிவராமன் என்றால் கீழ்வெண்மணியும் வாச்சாத்தியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் படித்து, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றி, அதை விட்டு 1968-ல் நாடு திரும்பியவர். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை ஆங்கில வாசகர்களுக்கு எழுதிச் சொன்னவர்களில் முதன்மையானவர். மார்க்சிஸ்ட் கட்சி, மாதர் சங்கம், தொழிற்சங்கம் என்று வாழ்நாளைக் கழித்தவர். இத்தகைய ஒருவர் தம் பாட்டியைப் பற்றி நூல் எழுதுவார் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? நாமும், போராட்டக் குடும்பம் ஒன்றின் வரலாறாக இருக்கும் என்றே எண்ணித் திறந்தோம்.

அப்படி ஒன்றும் இல்லை. பாட்டி சுப்புலட்சுமி 1897-ல் பிறந்தவர். பதினொரு வயதில் திருமணம், பதினான்கில் தாய். பள்ளிக்குப் போகாதவர். கணவருக்கு உப்பு இலாகாவில் உத்தியோகம் என்பதால் ஆளரவமற்ற கடலோர ஊர்களில் குடித்தனம். (ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திய சகோதரி சுப்பலட்சுமி வேறு. பெயர் ஒற்றுமையால் குழம்புவோர் உண்டு, நாமும் குழம்பினோம். அவருக்கு நிறுவனங்கள் உண்டு, வாழ்க்கை வரலாறு உண்டு. இவருக்கு ஒரு பெட்டி மட்டுமே.) அவர் 1978-ல் மறைந்தார். நாட்குறிப்புகள், கடிதங்கள், படித்த நூல்கள் பற்றிய குறிப்புகள், துண்டுத் தாள்கள் அடங்கிய பெட்டி பேத்தியின் கைக்கு வந்தது. வீட்டில் அதிகம் பேசாமல் புத்தகமும் கையுமாக ஒதுங்கியிருந்த பாட்டிக்குள் இப்படியொரு ஆள் இருந்தது பேத்திக்கே அப்போதுதான் தெரிகிறது. விடுதலைப் போராட்டத்தின் மீது தீராத ஈடுபாடு; ஆனால் அதில் இறங்க வழியில்லை. மகள் பங்கஜத்தைப் படிக்க வைக்கவேண்டும் என்ற வேட்கை. அதுவும் நினைத்தபடி நடக்கவில்லை.

1930 ஏப்ரலில் இராஜாஜியின் குழு திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். உப்பு இலாகாக்காரரின் மனைவிக்கு அந்த உப்பு எப்படிக் கரித்திருக்கும் என்று இந்நூலை வாசிக்கும்வரை எண்ணிப் பார்த்ததில்லை. அவர் வீட்டுச் சோறு வெந்ததே அந்த வரியில்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். முதல் வாசிப்பில் நூல் நமக்கு எரிச்சலூட்டியது. 'இருக்கலாம்', 'நினைத்திருப்பாரோ', 'தெரியவில்லை' என்றே பக்கங்கள் நகர்கின்றன. ஒரு குறிப்பு வரும், அதைச் சுற்றிப் பத்துக் கேள்விகள் எழும், பதில் வராது. யுங் சாங்கிடம் இந்தத் தயக்கமே கிடையாது. 1924-ல் தம் பாட்டியின் மனத்துக்குள் ஓடியவற்றைக்கூட உடனிருந்து பார்த்தவர்போல் எழுதிச் செல்கிறார். நாவலின் ஓட்டம் அதற்கு உண்டு. தளபதிகள், போர்கள், பஞ்சம், தலைவருக்கே கடிதம் எழுதி மனநிலை குலைந்துபோன தந்தை என்று சம்பவங்களுக்குக் குறைவில்லை. சுப்புலட்சுமியின் வாழ்வில் சம்பவமே இல்லை. நடக்காமல் போனவற்றின் வரலாறு அது. நடக்காததை எப்படி எழுதுவது? உமா சக்கரவர்த்தி 2010-ல் இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு, அமைதியான ஒரு சிறு குறிப்பு என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். பொருத்தமான தலைப்பு. அத்தகைய குறிப்பை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் எழுதுவதா என்று எரிச்சலில் நாமும் கேட்டுக்கொண்டோம்.

அந்த எரிச்சல் நீங்கிய கதையைச் சொல்ல, நம் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நம் பாட்டி தறிக்காரர் வீட்டுப் பெண். தாத்தா குழித்தறியில் பட்டு நெய்தவர். பாட்டி விடியலில் ராட்டை முன் உட்கார்ந்தால் தார் சுற்றுவதும், அறுந்த இழை முடிவதும், பாவு தோய நீட்டும்போது ஒரு முனை பிடிப்பதுமாகப் பொழுது சாயும். ஒரு சேலை உருவாவதில் அவர் கை படாத இழையில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புத்தகத்தில் இருப்பதோ தாத்தாவின் பெயர். பாட்டி 1994-ல் இறந்தார். தாத்தாவின் தகரப் பெட்டியை அம்மா எங்கள் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார். மைதிலியின் நூலை முடித்த வாரத்தில், வெறும் ஆவலாதியில் அதை இறக்கினோம். பாஸ்புத்தகம், இரண்டு பழைய குடும்ப அட்டைகள், கரையான் அரித்த ஒரு பஞ்சாங்கம், அடியில் நான்காக மடித்த ஒரு முத்திரைத்தாள்.

அது 1963-ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரம். இறந்துபோன தகப்பனாரின் வீட்டிலும் மனையிலும் தமக்குள்ள பாகத்தைப் பாட்டி தம் அண்ணன்மாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ரூபாய் 200 பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று சொல்லியிருந்தது. சட்டம் உண்டு என்று சொன்னதனால்தானே இல்லை என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது! கீழே இடது பெருவிரல் ரேகை. மசி பழுத்து ஊதா நிறமாகியிருந்தது.

அந்தப் பத்திரத்தை எத்தனை முறை வாசித்தோம் என்று கணக்கில்லை. பத்திர எழுத்தருக்கே உரிய நடை. தன்மை ஒருமையில் எழுதப்பட்டது. 'நான்', 'எனக்கு', 'என்னுடைய' என்று பத்தி முழுதும் பாட்டி பேசுகிறார். வாழ்நாளில் எழுத்து அறியாத அவர் 'நான்' என்று சொல்லும் ஒரே எழுத்து அதுதான். அதில் அவர் சொல்லும் செய்தி, தமக்கு யாதொரு பாத்தியமும் இல்லை என்பது. தமக்கு மட்டுமன்று, தம் வாரிசுகளுக்கும் இல்லையாம். அந்த வாரிசுகளில் அம்மா உண்டு; பிறக்க இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த நாமும் உண்டு. நாம் முதன்முதலாக இடம்பெற்ற ஆவணமே அதுதான் போலும்.

உத்திரமேரூருக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள்; கி.பி. 919, 921. குடவோலைக்கு நிற்பவனுக்கு வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது வேண்டும். மக்களாட்சியின் தொட்டில் என்று நாமும் சொல்லிவந்தோம். பத்திரத்தைக் கண்ட பிறகு சென்றபோது, நிலம், மனை என்ற இரண்டு சொற்களில் கண் நின்றுவிட்டது. கல்லில் பெண் பெயரே இல்லை என்று சொல்ல வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் தெருவும் வீட்டு வரிசையுமாக வெட்டப்பட்டுள்ளன. கொடையளித்த அரசியர் எத்தனையோ பேர். ஆனால் தார் சுற்றியவளின் பெயர் எந்தக் கல்லிலும் ஏறுவதற்கு வழியில்லை. சுப்புலட்சுமிக்கும் நம் பாட்டிக்கும் உள்ள தொலைவு இங்கேதான். அவர் வீட்டிலும் கதவுகள் அடைத்தே இருந்தன. ஆனால் உள்ளே புத்தகமும் பேனாவும் இருந்தன. உத்தியோகமும் சாதியும் தந்த வசதி அது. மைதிலி இதை மறைப்பவர் அல்லர். பெட்டி இல்லாத பாட்டிகளை எழுத வேறொரு வழி வேண்டும். 1994-ல் வந்த பாமாவின் 'சங்கதி' அந்த வழியில் போன நூல். அங்கே பாட்டியின் பேச்சே ஆவணம். கேட்டவள் எழுதினாள், அவ்வளவுதான்.

நாமும் கேட்கலாம் என்று துணிந்தோம். அம்மாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அடுப்பில் வைத்ததை மறக்கிறார். நேற்று வந்தவரை யாரென்று கேட்கிறார். ஆனால் சின்ன வயதுக் காரியங்கள் பளிச்சென்று வருகின்றன. ஒரு மாலை கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி, பத்திரத்தை அவர் மடியில் வைத்தோம். "இத எங்க புடிச்ச பாப்பா?" என்றவர், வெகுநேரம் ரேகையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு அப்போது பத்து வயதாம். இரண்டு மாமன்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாட்டி பாதித் தாரோடு ராட்டையை விட்டு எழுந்து போனார். மாலையில் திரும்பியதும் யாரிடமும் பேசவில்லை. விரலைப் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், மசி போகவில்லை. பட்டில் கறை பட்டால் கூலி போய்விடும் என்று பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தார் சுற்றினார்.

அந்த இரவு நமக்குத் தூக்கமில்லை. துணி சுற்றிய அந்த விரல்போல் ஒரு படிமம் எந்த நாவலில் கிடைக்கும்? கட்டுரைக்குத் தலைப்பு கூட யோசித்துவிட்டோம் (ஆசிரியத் தொழிலின் அற்பத்தனம்). ஒரு வாரம் கழித்து, விட்டுப்போன விவரங்களுக்காக மறுபடி கேட்டோம். அம்மா சிரித்தார். "அன்னிக்கு ஆயா எவ்ளோ சந்தோசமா போச்சு தெரியுமா? பெரிய மாமா புதுப்பொடவ எடுத்தாந்து குடுத்தாரு. அண்ணன் வாசல் எனக்கு இருக்கணும், மண்ணு எதுக்குன்னு சொல்லிட்டுப் போச்சு." விரல் துணியைப் பற்றிக் கேட்டோம். "அது ஆயா இல்ல, பெரியம்மா. கை வெட்டிக்கிச்சு."

எது நடந்தது? இரண்டாவதே உண்மையாக இருக்கலாம். பாகம் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற கணக்கு அக்காலத்துப் பெண்கள் அனைவரும் அறிந்தது. அதைச் சந்தோஷமாகவே போட்டிருக்கக்கூடும். அல்லது முதலாவது உண்மையாக இருந்து, மாமன்மாரைக் குறை சொல்லிவிட்டோமே என்று அந்த ஒரு வாரத்தில் அம்மாவுக்கு உறுத்தியிருக்கலாம். அல்லது நினைவு என்ற ராட்டை இழைகளை மாற்றிச் சுற்றத் தொடங்கிவிட்டதா? 'இருக்கலாம்', 'கூடும்' என்று நாமே எழுதிக்கொண்டிருப்பதை இவ்விடத்தில்தான் கவனித்தோம். மைதிலியின் நூலை மறுபடி எடுத்தோம். அந்தக் கேள்விகள் இப்போது வேறாகத் தெரிந்தன. பாட்டி தராத பதிலைப் பேத்தி தன் வசதிக்கு எழுதிக்கொள்ள மறுத்திருக்கிறார். வாச்சாத்தியில் 1992-ல் நடந்ததை ஆணையத்தின் முன் கொண்டு நிறுத்தியவருக்குச் சாட்சியத்துக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்கும். யுங் சாங்கின் பாட்டி நம் கண்முன் நடமாடுகிறார், சுப்புலட்சுமி நடமாடவில்லை. ஆனால் இவரைத்தான் நாம் நம்புகிறோம்.

மைதிலி சிவராமனின் இறுதி ஆண்டுகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் வாசித்தவர்கள் அறிவார்கள். பாட்டியின் நினைவைத் துண்டு துண்டாகச் சேர்த்தவரின் நினைவை அல்சைமர் நோய் பத்தாண்டுகளுக்கு மேலாக அரித்தது. 2021 மே 30 அன்று கொரோனாத் தொற்றில் காலமானார். வயது 81. பாட்டியை அவர் சற்றே பிந்தித் தேடியிருந்தால், அந்த நூல் இருந்திராது. அந்தப் பெட்டி யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கும். இதை எண்ணும்போதெல்லாம் வயிற்றில் ஒரு குளிர் பரவுகிறது.

அவருடைய மகள் கல்பனா கருணாகரன் 2025-ல் தம் பாட்டி பங்கஜத்தைப் பற்றி, அவர் விட்டுச்சென்ற எழுத்துகளையும் கடிதங்களையும் கொண்டு, 'எ வுமன் ஆஃப் நோ கான்சிக்வென்ஸ்' என்ற நூலை வெளியிட்டிருக்கிறார். ஒரு பொருட்டுமில்லாத பெண் என்று சொல்லலாம். ஆக, சுப்புலட்சுமியைப் பேத்தி எழுதினார். பங்கஜத்தையும் பேத்தியே எழுதினார். நடுவில் ஒரு தலைமுறை விட்டுத்தான் எழுத முடிகிறதோ? மகளுக்குத் தாய்மீது கோபம் மிச்சமிருக்கும். பேத்திக்கு இருப்பதில்லை. யுங் சாங் தம் தாயையும் எழுதினார் என்றால், அதற்கு லண்டன் வேண்டியிருந்தது.

நம்மிடம் அறுபது மணி நேரம் இல்லை. இதுவரை நான்கு மணி நேரமும் சொச்சமும் சேர்ந்திருக்கிறது. பாதிக்குமேல் சமையல், பக்கத்து வீட்டுச் சண்டை, ரேஷன் அரிசி. பத்திரத்தின் கதை இரண்டு விதமாகவும் அப்படியே இருக்கிறது. ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள்ளச் சொல்லும் உள்மனத்தை அடக்கி வைத்திருக்கிறோம்.

சென்ற ஞாயிறன்று முதல் ஒலிப்பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். தார், மசி, புளி, துணி என்று அவர் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் நம் பக்கம் திரும்பி, "யாரு பாப்பா பேசறது? நல்லா சொல்லுதே. எந்த ஊராம்?" என்றார்.